பனியில் ஒடித்த இலை

28.1.2025, செவ்வாய்.

முதலில் என் தவறு. பதினேழாம் தேதிப் பக்கத்தில், "அண்ணிக்குக் காலையில் வாந்தி. விசேஷமாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்காமல் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா உடையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்றுமில்லை என்றார்கள். நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குக்கூடப் போகவில்லை. இன்று விடிந்ததும் டீயைக் குடித்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சுன்னு எம்புட்டு ஆசையா இருந்தேன்... பொய் வாந்தி எடுத்து எம் மூஞ்சியில கரியப் பூசிட்டியேடி! உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு!"

மலர்கொடி அண்ணி அழுதாள். குரல் மட்டும் தாழவில்லை.

"ஒரு நாளாச்சும் விசேஷம்னு என் வாயால சொன்னேனா அத்தை? நீங்களா சொன்னீங்க, நீங்களா ஏசுறீங்க! போறேன்... இனிமே அந்தப் புகையிலைக் காட்டுல கால வைக்க மாட்டேன்!"

அண்ணன் சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

நான் நோட்டைப் புரட்டினேன். போன வருஷம் வரை செடியோடு வெட்டித்தான் காயப்போட்டோம். இந்த வருஷம் பழுத்த அடியிலையை மட்டும் ஒடித்து, கோத்து, பந்தலில் தொங்கவிடுகிறோம், இலை வீணாவதில்லை. வாடாமல் இருக்கப் பனியிலேயே ஒடிக்கச் சொன்னது அம்மா. ஈர இலையைக் கக்கத்தில் அடுக்கி ஒடித்தவள் அண்ணி ஒருத்திதான். ஒடித்த ஆறு நாளும் வாந்தி. கோத்த நாட்களில் ஒருமுறைகூட இல்லை. தப்பாக எழுதியிருப்பேனோ என்று இரண்டு முறை எண்ணிய பிறகுதான் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஈர இலையின் சாறு தோல் வழியாக உடம்பில் இறங்கித்தான் இந்த வாந்தி என்றேன்.

"போடி, பெரிய டாக்டரு! நானே ஒடிச்சுக் காட்டுறேன் பாரு!" என்று அம்மா பனி காயும் முன்பே காட்டில் இறங்கினாள்.

ஏழாவது வரிசையில் தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். குடித்த டீ அப்படியே வெளியே வந்தது. பக்கத்துக் காட்டு ஆண்டாயி பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பூங்காவனம், உனக்குமா விசேஷம்?"

பையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணி, பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சோப்புப் போட்டு அம்மாவின் கைகளை முழங்கைக்கு மேல்வரை கழுவிவிட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மலரு... ஆறு நாளும் இந்தப் பாடா பட்ட? வாய் தெறந்து சொல்லக் கூடாதா தாயி!"

"சொன்னேன் அத்தை. மசக்கைன்னு மாங்கா குடுத்தீங்க."

அண்ணன் பையைத் தூக்க வந்தார்.

"அது இருக்கட்டும்ங்க. அத்தை... ஊர் பூரா சொன்னீங்கள்ல? இதையும் நீங்களே சொல்லணும், வூடு வூடா. அப்பதான் பையப் பிரிப்பேன். பனியில இனி யாரும் ஒடிக்கக் கூடாது. நான் மட்டுமில்ல, யாரும்!"

அம்மா தலையாட்டினாள். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.

நாளை: அம்மா ஆண்டாயி பெரியம்மா வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பனி காய்ந்த பின், ஒன்பது மணிக்கு மேல், எட்டாவது வரிசை. முழுக்கைச் சட்டை நான்கு, கையுறை நான்கு ஜோடி, சோப்பு. அண்ணனும் ஒடிக்கிறார்.