பூவற்ற மணம்

மணக்கம்பங்கள் காலை மணத்தை வெளியிடத் தொடங்கியபோது, கோகிலவாணி கருப்பட்டித் தண்ணீர் நிறைந்த வாளியுடன் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தாள். முதலில் தும்பை மணத்தது. அடுத்து ஆவாரை. பின்னர், அவளுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு கொடியின் பூ. கண்ணுக்கெட்டிய தூரம்வரை எந்தப் பூவும் இல்லை. முழங்கால் உயரத்திற்கு நிறைபுல் மட்டுமே ஒரே பச்சையாக நின்றது.

மயிலைப் பசு கன்று ஈன்றுவிட்டதென்று அதன் கழுத்துப்பட்டை விடியற்காலையிலேயே வீட்டுக்குத் தெரிவித்திருந்தது. காங்கேயத்துப் பசுக்கள் கொறங்காட்டிலேயே கிடந்து, அங்கேயே ஈனும். ஈன்ற பசுவுக்குக் கருப்பட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் வைப்பது வீட்டுக்காரியின் வேலை. அதை மட்டும் எந்த இயந்திரத்திடமும் கோகிலவாணி விட்டதில்லை. மகள் தாரகை பிரசவத்திற்காக அடுத்த மாதம் தாய்வீட்டுக்கு வருகிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்னாளில் இந்த மயிலையின் பால்தான் என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

காதில் மாட்டியிருந்த செவிமணியில் கொழுந்தன் சடையப்பனின் குரல் கேட்டது; அண்ணன் மனைவியான அவளை அவன் ‘நங்கை’ என்றுதான் அழைப்பான். கம்பங்களை இயக்கும் அறை அவன் பொறுப்பில் இருந்தது.

“நங்கை, காளைக்கன்னுங்களா, கெடாரிங்களா?”

“இன்னும் பக்கத்துல போகலீப்பா. உனக்கு என்ன அவசரம்?”

“காளையா இருந்தா எம்பேரு வெக்கோணும். போன தடவையே சொல்லிப்போட்டேன்.”

“உன்னாட்ட நாள் பூராப் படுத்துக் கெடந்தா வெக்கலாம்.”

அவள் சிரித்துக்கொண்டே புல்லை விலக்கினாள். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

கன்று பக்கவாட்டில் கிடந்தது. அதற்கு முகம் இருந்த இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அந்தப் பொருக்கு அசைந்தது. கண்ணோரங்களிலும் மூக்குத் துவாரங்களிலும் வாயின் ஈரத்திலும் குளவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை, எல்லாம் குடித்துக்கொண்டிருந்தன. தாய்ப்பசு நாக்கை நீட்டுவதும் பின்வாங்குவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தது.

குளவிகள் அவளுக்குப் புதியவை அல்ல; அவற்றை வரவழைத்ததே அவர்கள்தாம். நிறைபுல் தன் வேரிலிருந்து கசியும் நீரால் வேறெந்தச் செடியையும் முளைக்கவிடாது. அதனால் வறட்சியிலும் தீவனம் குறைவதில்லை. ஆனால் ஒரே புல் இருந்த நிலத்தில் அதைத் தின்னும் ஒரே புழு பெருகியது. அந்தப் புழுவைப் பிடித்துண்ணும் குளவிகளோ, பருவத்திற்கொன்றாகப் பூக்கும் பல செடிகளின் தேனை நம்பி வாழ்பவை. செடிகளோடு அவையும் மறைந்திருந்தன. அப்போதுதான் மணக்கம்பம் வந்தது. குளவி தேடிவருவது மணத்தை. மணம் இருந்தால் பூ எதற்கு? இதுதான் அதன் தத்துவம். மலையிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் குளவிகள் வந்தன; புழுக்கள் ஒழிந்தன. காற்று தடைபடாமல் மணம் வெகுதூரம் பரவவேண்டும் என்பதற்காகக் கொறங்காடுகளைச் சுற்றியிருந்த கிளுவை வேலியையும், அதில் படர்ந்திருந்த கொடிகளையும் ஊரே சேர்ந்து வெட்டியது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கடைசியாகப் பூத்தவை அந்த வேலிகள்தாம்.

வாளியின் விளிம்பில் ஒரு குளவி வந்து அமர்ந்தது. பிறகு இன்னொன்று. அவளது புறங்கையில் தளும்பிச் சிந்தியிருந்த கருப்பட்டித் தண்ணீரின் மீது மூன்றாவது அமர்ந்தது. அதன் கால்கள் தோலில் ஊர்வதை அவள் உணர்ந்தாள்.

“சடையப்பா,” என்றாள், உதடு அசையாமல். “கம்பத்தையெல்லாம் நிறுத்து.”

“ஏனுங்க?”

“கன்னு மூஞ்சி பூராக் குளவி. எம்மேலயும் ஏறுது. நிறுத்து சாமி.”

செவிமணியில் விசைகள் அணையும் ஓசை கேட்டது. ஆவாரை மணம் மெலிந்து, அறுந்துபோயிற்று. ஒரு கணம் கொறங்காட்டில் எந்த மணமும் இல்லை. அதன்பிறகே கோகிலவாணிக்கு விளங்கியது: எந்த மணமும் இல்லாத அந்த வெளியில், பாலும் ஈற்றுக் குருதியும் கருப்பட்டியும் அவளது வியர்வையும் மட்டுமே இப்போது மணத்தன.

தொலைவிலிருந்த கம்பங்களைச் சுற்றிக்கொண்டிருந்த கூட்டங்கள் உயரே எழுந்தன. புல்லின் மேலே கரும்புகை போல் நீண்டு, அவளை நோக்கித் திரும்பின. இரைச்சல் முதலில் காதில் கேட்கவில்லை, பல்லில் அதிர்ந்தது.

“போடு. மறுபடியும் போடு சடையப்பா.”

“போட்டுட்டனுங்க. சூடேறி மணம் வர்றதுக்குச் சித்த நேரமாகுமுங்க. ஓடியாந்துருங்க நங்கை.”

ஓடினால் கொட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓடினால் கன்று மூச்சடைத்துச் சாகும் என்பதும் தெரியும். முழங்கைவரை கறுத்துப்போன தன் கையை அவள் பார்த்தாள். அந்தக் கை வாளியை விடவில்லை. வாளி இருக்கும் இடத்திற்கே குளவிகள் வந்துகொண்டிருந்தன. அவள் திரும்பி, மிக மெதுவாக, அருகிலிருந்த கம்பத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். கழுத்தில் ஏறின. இமையின் ஓரத்தில் ஒன்று நின்று கண்ணீரைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கம்பத்தின் காரைப் பீடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தாள். பீடத்தின் குழிவில் வாளியைச் சாய்த்தாள்.

கை இலேசானது. கழுத்து இலேசானது. கண் திறந்தபோது பீடம் முழுவதும் கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பால், மயிலை தன் கன்றின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. கன்று தும்மியது.

மாலையில் சடையப்பன் வந்தபோதும் அவள் கைகளைக் கழுவிக்கொண்டேயிருந்தாள்.

“விருந்துக்கு ஒறம்பரையக் கூப்பிட்டுப்போட்டு எலை போடாம உட்டுட்டமுங்க நங்கை,” என்றான். “வந்ததுக எத்தன நாளைக்குப் பட்டினி கெடக்கும்?”

“அப்ப எலை போடு. தாரகை வர்றதுக்குள்ள போட்டாகோணும். கன்னு மூஞ்சில நான் பார்த்ததப் பேரன் மூஞ்சிலயும் பார்க்கச் சொல்றியா?”

பூச்செடி விதைத்துப் பார்த்தார்கள்; நிறைபுல் ஒன்றையும் முளைக்கவிடவில்லை. ஆகவே ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு தட்டு வைத்தார்கள். விடிந்ததும் கோகிலவாணி கம்பம் கம்பமாகச் சென்று கருப்பட்டித் தண்ணீர் ஊற்றினாள். குளவிகள் கன்றை விட்டு விலகின. மனிதர்களை விட்டும் விலகின. அது காளைக்கன்றுதான்; சடையப்பன் வற்புறுத்தியதால் அந்தக் கன்றுக்கு அவன் பெயரையே வைத்தார்கள். அவளுடைய அச்சமும் சற்றே தணிந்தது. ஒரு நாள் மழையால் புறப்படத் தாமதமானபோது மட்டும், வீட்டுச் சன்னல்வலை முழுக்கக் குளவிகள் வந்து அமைதியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதன்பின் அவள் தாமதித்ததில்லை.

தாரகை வரவேண்டிய நாளில், தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது சடையப்பன் செவிமணியில் உற்சாகமாகப் பேசினான்.

“கம்பம் செஞ்சவங்க புது மணம் அனுப்பியிருக்காங்க. எந்த மணத்துக்குக் குளவி நெம்ப வருதுன்னு நம்ம கம்பமே மோந்து பார்த்துக் கண்டுபுடிச்சுதாமுங்க. பழைய பூ மணத்தையெல்லாம் எடுத்துப்போட்டு, கொடுமுடி வரைக்கும் எல்லாக் கம்பத்துலயும், தட்டே வெக்காத கம்பத்துலயும்கூட, நேத்தே ஏத்திப்போட்டாங்க. நம்முளுதுலயும்தான்.”

கோகிலவாணி கம்பத்தின் துளைகளருகே குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் மணக்கவில்லை. மறுபடி இழுத்தாள். வெறும் காற்றாகவே இருந்தது.

“ஒரு மணத்தையும் காணோமே.”

“வருதுங்க நங்கை. இங்க அறைக்குள்ள இருக்கற எனக்கே மூக்க அடைக்குது. என்ன பூவுன்னுதான் தெரியல. பழகின மணமாட்டத்தான் இருக்குது.”

தட்டில் குடித்துக்கொண்டிருந்த குளவிகள் எழுந்தன. தட்டு நிரம்பியிருந்தது, ஆயினும் எழுந்தன. ஒன்று அவளது முந்தானையில் அமர்ந்தது. இன்னொன்று அக்குளின் ஈரத்தில். கொட்டவில்லை. காத்திருந்தன.

செவிமணியில் தாரகையின் அழைப்பு வந்தது. வண்டி ஓடும் ஓசையும் திறந்த சன்னலில் காற்று அறையும் ஓசையும் அவள் குரலோடு கலந்து கேட்டன.

“அம்மா, கொடுமுடி தாண்டிட்டேன். உன்ற நெனப்பாவே இருந்ததுனாலயோ என்னமோ, வழி பூரா உன்ற வாசமா அடிக்குதும்மா. நெசமாத்தான் சொல்றேன். உன்ற சீலை, வேர்வை, கருப்பட்டிக் கை, எல்லாம். கண்ணாடிய எறக்கி உட்டுட்டு மோந்துட்டே வர்றேன்.”

தன் வாசம் தன் மூக்குக்குத் தெரியாது என்பது கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“கண்ணாடிய ஏத்து கண்ணு.”

“என்னம்மா? ஒரே இரைச்சலா இருக்குது. ஒண்ணும் கேக்கல.”

“கண்ணாடிய ஏத்து, தாரகை. வண்டிய எங்கயும் நிறுத்தாத. இங்க வராத.”

மறுமுனையில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. அது காற்றின் இரைச்சல் அன்று.