படங்குத் திரை

தண்ணீர் பட்ட திரை சில்லென்றுதானே இருக்க வேண்டும்? குளித்துக்கொண்டிருந்த பிரதாப்பின் முதுகில் வந்து ஒட்டியது வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளைகளே. பகல் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து வந்த ஓர் ஆளின் வயிற்றுச் சூடு போல.

சவர்க்கார நுரையோடு திரும்பிப் பார்த்தான். நீலத் திரை அசையாமல் தொங்கியது. சன்னலும் சாத்தித்தான் இருந்தது.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயமொன்றின் கடைசி வீடு அது. இப்போது அவன் குளிக்கும் இந்தப் பின்மூலையில்தான் முன்பு அவன் அக்கா மீனம்மா படுத்திருந்தாள். தாயில்லாத அவனைக் கொழுந்து பறித்து வளர்த்தவள். ஹட்டன் கடைவீதிப் பெண் ஜெயந்தினியை அவன் கட்டி வந்ததும், "வெளிய எல்லாரும் குளிக்கிற பீலித் தண்ணியில எல்லாம் என்னால குளிக்க முடியாதுங்க" என்றாள் அவள். குளியலறைக்கு இடம் வேண்டி, அக்காவின் பாயைச் சுருட்டி விறகுக் கொட்டகையில் போட்டான். அடைமழைக் காலம். "மழை விடட்டும்டா தம்பி" என்று ஒரேயொரு தடவைதான் கேட்டாள். மழை விடுவதற்குள் இருமி இருமியே செத்துப் போனாள்.

அவள் படுத்த இடத்தில் ஷவர் வந்தது. ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். கடையில் வாங்கிய மெல்லிய திரையோ ஈரம் பட்டதும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஜெயந்தினி ஆறு மாதக் கர்ப்பிணி. "கால்ல சுத்தி வழுக்கி விழுந்தா யாருங்க பொறுப்பு? இடத்தைப் பெருசாக்குங்க. இல்லாட்டி அம்மா வீட்டுக்குப் போறேன். பிள்ளையும் அங்கதான்" என்றுவிட்டாள்.

அவளும் பிள்ளையும் போய்விடுவார்களே என்ற பயம் அவனுக்கு. திரை தொங்கவிடும் குழாயொன்றை வில்லாக வளைத்து, வெளிப்பக்கம் தள்ளி மாட்டினான். ஒட்டாத கனத்த திரைக்கு அக்காவின் படங்கு இருந்தது. கொழுந்து பறிக்கையில் பனியும் முள்ளும் படாமல் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டும் தடித்த நீல விரிப்பு. கொழுந்துக்காரி செத்தால் அவள் படங்கைக் குழிமேல் போர்த்திவிட்டு வருவது அந்த லயத்து வழக்கம். "நல்ல சாமான், மண்ணுல ஏன் மக்கணும்?" என்று அவன்தான் எடுத்து வைத்துக்கொண்டான்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சோலைமலையின் முகம் சுண்டிப் போனது. "டேய், அது மீனம்மா சாமான்டா. அவகிட்ட குடுத்திரு."

"கழுவிட்டேன் மாமா. இப்ப தாராளமா இருக்கு, நீங்களும் வந்து குளிங்களேன்."

சோலைமலை தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அன்று மாலையே முதல் குளியல்; முதுகில் அந்த வெதுவெதுப்பு ஒட்டியதும் அப்போதுதான். வெளியே மூடுபனி லயத்தின் தகரக் கூரைவரை இறங்கியிருந்தது. அடுப்படியில் ஜெயந்தினி தனக்குச் சுடுதண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. குழாய் வெளிப்பக்கம் வளைந்தே நின்றது, ஆனால் படங்கு மட்டும் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. பச்சைக் கொழுந்து வாசம். அதோடு, நெஞ்சுச் சளிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம்.

கையால் வெளியே தள்ளினான். அந்தப் பக்கம் ஒரு முழங்கால் தட்டுப்பட்டது.

தண்ணீர் நின்றது.

இருமல்.

வெளியே இல்லை. திரைக்குள்ளே. அவன் தோளருகில்.

விலக இடமில்லை. முதுகில் சுவர். முன்னால் படங்கு. ஈரக் கயிறொன்று அவன் இடுப்பைத் தொட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பழகிய கை, இறுக்கிப் போட்ட முடிச்சு.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, தண்ணி சுட்டுருச்சு. நான் உள்ள வரட்டா?"

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். படங்கு வாய்க்குள் புகுந்து அடைத்தது.

அவன் காதோரம், அவன் குரலிலேயே, வேறொரு வாய் கனிவாகச் சொன்னது: "வாம்மா. பிள்ளைக்கும் சேத்து இடமிருக்கு."

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலொன்று, கதவுத் தாழ்ப்பாளை மெல்ல விலக்கிக்கொண்டிருந்தது.