பைக் நுழையாத வழி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தூர் நகர வனத்தின் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். புது கேட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ரோஜா மாலைகூடப் போட்டாயிற்று. கேட்டைச் செய்தவர் வெல்டிங் பட்டறை சம்பத். விடிந்ததிலிருந்து பத்துத் தடவையாவது அதைத் துணியால் துடைத்திருப்பார்.

"நைனா, இன்னும் தேய்ச்சா பெயிண்டே போயிடும்," என்றாள் அவருடைய மகள் யாமினி. அவள் ஆறாம் வகுப்பு.

நகர வனம் என்றால் பெரிய காடெல்லாம் இல்லை. மலையடிவாரத்தில் கொஞ்சம் மரங்கள், ஒரு குட்டை, நிறையப் பறவைகள். முன்பு ஊரின் குப்பையெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மூன்று மாதமாக ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஞாயிறும் கூடிக் குப்பை அள்ளினார்கள், முள்ளை வெட்டினார்கள், செடி நட்டார்கள், நடைபாதை போட்டார்கள்.

பாதை வழவழவென்று ஆனதும் யார் முதலில் வந்தார்கள் தெரியுமா? பைக்குகள்! டுர்ர்ரென்று உள்ளே புகுந்து, ஒரே வாரத்தில் பன்னிரண்டு செடிகளை நசுக்கிவிட்டன. அதனால்தான் இந்த கேட். வளைத்து வளைத்துச் செய்த இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். பைக்கின் மூக்குகூட நுழையாது.

"ரிப்பனை வெட்டலாமா?" என்றார் கோவர்த்தனன் மாமா. மின்சார ஆபீசில் வேலை செய்யும் அவர்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தலைவர்.

"இருங்க மாமா, நீரஜா வந்துகினு இருக்கா!" என்று கத்தினாள் யாமினி.

நீரஜா அவள் வகுப்புத் தோழி. சின்ன வயதிலிருந்தே அவளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவாள். ஆனால் வனத்தில் நட்ட செடிகளில் பாதிக்கு மேல் அவள் வளர்த்தவை. காலிப் பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி, விதை போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்து அனுப்பினாள். பாதை கரடுமுரடாக இருந்ததால் இதுவரை ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. இன்று வருகிறாள்.

ரிப்பனை வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக ஒருக்களித்து உள்ளே போனார்கள். நீரஜாவின் முறை வந்தது.

டங்!

சக்கரம் குழாயில் இடித்தது. யாமினி நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். மறுபடியும் டங்!

கைதட்டல் நின்றது. சம்பத்தின் முகம் சுருங்கிவிட்டது. கேட்டைச் செய்தபோது அவருக்கு பைக் மட்டும்தான் நினைவில் இருந்தது.

"லாரி வர்ற பெரிய கேட் ஒண்ணு பின்னால இருக்குல்ல?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"அது ரெண்டு கிலோமீட்டர் சுத்திக்கினு போகணும் சார். பூட்டு வேற துரு புடிச்சிருக்குது," என்றார் காவலுக்கு இருக்கும் லட்சுமம்மா.

"சரி, நாலு பேரு சேர்ந்து பாப்பாவை நாற்காலியோட தூக்கிடுவோம்," என்றார் கோவர்த்தனன்.

"வேணாம் மாமா," என்றாள் நீரஜா. "நான் என்ன அரிசி மூட்டையா? இன்னிக்கு நாலு பேரு இருக்கீங்க. நாளைக்கு நான் வந்தா யாரு தூக்குவாங்க?"

தூக்க முன்னால் வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"அப்போ கேட்டை அகலமாக்கிடலாம்!" என்றாள் யாமினி.

இப்போதும் 'வேணாம்' என்றவள் நீரஜாதான். "அகலமாக்கினா பைக்கு வரும். என் செடிங்க மேல ஏறிடும். நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுடி."

சொன்னது சிரித்துக்கொண்டுதான். ஆனால் அவள் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. அதைப் பார்த்தபிறகு யாமினிக்கு உள்ளே போக மனம் வரவில்லை. இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் நீரஜா யாமினியின் வீட்டுக்கு வந்திருந்தாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம். சம்பத் பைக்கை முற்றத்தில் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். முன்னால் தள்ளினார், சுவரில் இடித்தது. பின்னால் இழுத்தார், தண்ணீர்த் தொட்டியில் இடித்தது. வியர்த்துக் கொட்டியது.

"கொஞ்சம் ஒத்திக்கோ பாப்பா," என்றார் நீரஜாவிடம்.

நீரஜா ஒரு சக்கரத்தை முன்னால் தள்ளி, இன்னொன்றைப் பின்னால் இழுத்தாள். நின்ற இடத்திலேயே பம்பரம்போல் திரும்பி, கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

யாமினி கையிலிருந்த முறுக்கைக் கடிக்க மறந்து நின்றாள்.

"நீரஜா! இன்னொருவாட்டி திரும்பு!"

"ஏண்டி?"

"திரும்பேன்!"

நீரஜா திரும்பினாள். யாமினி குதித்தே விட்டாள். "பைக்கு நீளம். உன் நாற்காலி குட்டை! அகலம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாம அகலத்தையே பார்த்துக்கினு இருந்தோம்!"

நீரஜாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அப்போ நேரா போற வழி வேணாம். உள்ளே வந்து பக்கவாட்டுல திரும்பிப் போற மாதிரி வழி வேணும்."

பட்டறையிலிருந்து டேப் வந்தது. நாற்காலியின் நீளம் மூன்றரை அடி. பைக் ஆறரை அடி. பிறகு செங்கல் வந்தது. இருவரும் நாலரை அடியில் ஒரு சதுரம் கட்டினார்கள். முன்பக்கம் ஒரு வாசல், இடதுபக்கம் ஒரு வாசல். நீரஜா முன்பக்கம் நுழைந்தாள், உள்ளே திரும்பினாள், இடதுபக்கமாக வெளியே வந்தாள். ஒரு செங்கல்கூட அசையவில்லை.

"நைனா, உன் வண்டிய இதுல ஓட்டேன்!"

சம்பத் செங்கல்களைப் பார்த்தார். விஷயம் விளங்கியது. ஆனால் பைக்கைத் தொடவில்லை.

"எட்டு நாள் வேலைம்மா அந்த கேட்டு," என்றார் மெதுவாக. "ஒவ்வொரு வளைவும் கையால வளைச்சது. அதை அறுக்கச் சொல்றியா?"

யாமினிக்கு என்னவோ போலாகிவிட்டது. நைனாவின் விரல்களில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் இன்னும் ஆறவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"கேட்டு ரொம்ப அழகா இருக்குது நைனா. அந்தக் குழாயையே வச்சு இதைச் செய்ய முடியாதா? உன்னால முடியாதுன்னா வேற யாராலயும் முடியாது."

சம்பத் தலையைச் சொறிந்தார். செங்கல் சதுரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் நுழைந்தது. திருப்பினார். பின்பாதி வெளியே மாட்டிக்கொண்டது. இன்னும் திருப்பினார். பத்துச் செங்கல்கள் சரிந்து ஒன்று அவர் காலிலேயே விழுந்தது.

"அய்யோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தவர், சிரிக்கத் தொடங்கிவிட்டார். "நடக்கும் போலிருக்கே! போன் எடு, கோவர்த்தனன் சாரைக் கூப்பிடு!"

கோவர்த்தனன் தனியாக வரவில்லை. பைக் மெக்கானிக் கிஷோரையும் அழைத்து வந்தார். "இவன் ஊசித் துளையிலகூட வண்டி ஓட்டுவான். இவனால முடியலைன்னா நான் ஒத்துக்கறேன்."

"இதெல்லாம் ஒரு வழியா?" என்று கிஷோர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தான். நுழைந்தான். முறுக்கினான். ஹேண்டில்பார் ஒரு பக்கம் சிக்கியது, சைலன்ஸர் இன்னொரு பக்கம் சிக்கியது. இப்போது அவனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. கடைசியில் செங்கலைப் பிரித்துத்தான் அவனை மீட்க வேண்டியிருந்தது.

"தூக்கிக்கினு போனா போகலாம்," என்று முனகினான்.

"அவ்வளவு கஷ்டப்பட்டு எவன் வருவான்? நீ வருவியா?" என்று கேட்டாள் நீரஜா.

"நானா? அய்யோ சாமி!" என்று கும்பிட்டான் கிஷோர்.

கோவர்த்தனன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த ஞாயிறே மாத்திடலாம்," என்றார்.

ஒரு வாரம் பட்டறையில் பொறி பறந்தது. சம்பத் பழைய குழாய்களை அறுத்தார், புதிதாக இணைத்தார். வளைவுகளை மட்டும் வீணாக்கவில்லை. நீரஜா தினமும் பள்ளிவிட்டு வந்து உள்ளே புகுந்து திரும்பிப் பார்த்து, "இங்க ரெண்டு விரல் தள்ளுங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போவாள். சம்பத்தும் பெரிய என்ஜினியரிடம் கேட்பதுபோல், "சரிங்க மேடம்," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை புது கேட்டை வாசலில் நட்டு நிறுத்தினார்கள். இந்தத் தடவை ரிப்பன் இல்லை. நீரஜா நுழைந்தாள், திரும்பினாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். யாருக்கும் கைதட்டக்கூட நேரமில்லை.

அவளுக்குப் பின்னால் லட்சுமம்மா இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நுழைந்தார். "பாகுந்தி! ரொம்ப நல்லா இருக்குது! போன ஞாயிறு குடத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கினு ஒருக்களிச்சுப் போய் என் இடுப்பே போச்சு," என்றார். அப்புறம் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு அம்மா வந்தார். வாக்கர் ஊன்றிக்கொண்டு ஒரு தாத்தா வந்தார். போன வாரம் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். யாரிடமும் சொல்லவில்லை.

நீரஜா தன் செடிகளிடம் போனாள். மூன்று மாதத்துக்கு முன்பு உள்ளங்கை உயரம் இருந்த புங்கன் இப்போது அவள் முழங்காலைத் தொட்டது. ஒரு இலையை விரலால் தடவினாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். யாமினி நாற்காலியின் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நீரஜா பாதையைப் பார்த்தாள். அது குட்டைவரைக்கும் லேசாகச் சரிந்து, வழவழவென்று போயிற்று. யாருமே இல்லை.

"யாமினி, கையை எடு."

"எதுக்குடி?"

"எடேன்!"

யாமினி கையை எடுத்தாள். நீரஜா இரண்டு சக்கரங்களையும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். நாற்காலி காற்றாகப் பறந்தது. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு, குட்டையிலிருந்த கொக்குகள் எழும்பின.

"ஏய், நில்லுடி! நானும் வர்றேன்!" என்று கத்திக்கொண்டே, மூச்சிரைக்க அவள் பின்னால் ஓடினாள் யாமினி.