கால் சுட்ட லாரி

பாலாமணி ஐந்தரை மணிக்கு எழுந்தாள். பல் விளக்கினாள். இரண்டு தகர டின்களில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்தாள். சாலை வளைவில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். பெட்ரோல் பம்பின் உச்சியில் இருந்த கண்ணாடிக் குடுவையைத் துணியால் துடைத்தாள். பிறகு காப்பி குடித்தாள். எல்லா நாளும் இப்படித்தான்.

அது 1932ஆம் வருஷம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், அரவேணுவுக்குக் கீழே ஒரு வளைவில், அவள் அப்பா குமாரசாமி ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். முன்பெல்லாம் பெட்ரோல் டின்களில் அடைத்து மாட்டு வண்டியில் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் பம்பு வந்தது. கைப்பிடியை ஆட்டினால் நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோல் கண்ணாடிக் குடுவைக்குள் ஏறும். எத்தனை காலன் என்று வண்டிக்காரர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு அது குழாய் வழியாக வண்டிக்குள் இறங்கும். பக்கத்தில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம். அவ்வளவுதான் கொட்டகை.

மலையேறி வரும் வண்டிகள் அங்கே நிற்கும். பின்னால் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கிளம்பும்போது கல்லை நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முன்பு காலையில் பதினைந்து கல் கிடக்கும். தேயிலை விலை விழுந்த பிறகு ஐந்தானது, மூன்றானது. அன்றைக்கு ஒரே ஒரு கல்.

ஏறி வரும் வண்டிக்கு முகம் கொதிக்கும். முன்பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ரேடியேட்டர் என்று பெயர். அதன் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது பாலாமணியின் வேலை. ஊற்றும் முன் அதன்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். 'சுர்ர்' என்று கத்தினால் திறக்கக் கூடாது. கத்தாவிட்டால் திறக்கலாம்.

அதை ஒரு விளையாட்டாக மாற்றியவள் ஜெஸிந்தா. மேலே தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்தவள். அரவேணு பள்ளிக்கூடத்தில் பாலாமணியின் பக்கத்தில் உட்காருபவள். யார் விடும் சொட்டு அதிக நேரம் கத்துகிறது என்று இருவரும் போட்டி போடுவார்கள். ஜெஸிந்தா துப்பித்தான் ஜெயிப்பாள்.

"எச்சி செல்லாது. தண்ணிதான் விடணும்" என்பாள் பாலாமணி.

"எச்சி தண்ணியில்லாம வேற என்னவாம்?"

மூன்று நாளாக ஜெஸிந்தா பள்ளிக்கு வரவில்லை. எஸ்டேட்டில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு.

அன்று ஏழு மணிக்கு எஸ்டேட் லாரி மேலேயிருந்து இறங்கி வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. பின்னால் முப்பது பேர், மூட்டைகள், பானைகள், கூடையில் ஒரு கோழி. கோழிக்குப் பக்கத்தில் ஜெஸிந்தா.

"ஜெஸி, எங்க போற?"

"எங்க ஊருக்கு. மேட்டுப்பாளையத்துல ரயில் ஏறணும்."

"உங்க ஊரு எது?"

"தெரியல. நான் பாத்ததே இல்ல. அம்மாவுக்குத் தெரியும்."

முன்சீட்டிலிருந்து எஸ்டேட் கணக்கப்பிள்ளை கருணாகரன் இறங்கினார். "ரெண்டு காலன் போடு குமாரசாமி. திரும்பி ஏறி வர்றதுக்கு மட்டும். இறங்கறதுக்குப் பெட்ரோல் எதுக்கு? மலையே இறக்கி விடுமே."

பாலாமணி தண்ணீர் டின்னோடு முன்னால் போனாள். வழக்கம்போல ஒரு சொட்டு விட்டாள். கத்தவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

ஆனால் எங்கிருந்தோ தீய்ந்த வாடை வந்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தாள். பிரேக் பிடிக்கும் இரும்புச் சட்டியின்மேல் ஒரு சொட்டு விட்டாள். சுர்ர்ர் என்று அது கத்திக்கொண்டே இருந்தது. இத்தனை நேரம் எதுவும் கத்தியதில்லை. போட்டியில் ஜெஸிந்தாவின் எச்சிகூட.

"அப்பா, இந்த வண்டிக்கு முகம் குளுந்து கெடக்குது. காலு சுடுது."

குமாரசாமி வந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இஞ்சினை அணைச்சுட்டா இறங்கி வந்தீங்க? இஞ்சின் ஓடினா கியரே வண்டியைப் பாதி பிடிச்சுக்குமுங்க. பிரேக்கு நெருப்பா இருக்குதுங்க. இனிமேத்தான் பெரிய வளைவெல்லாம். இந்தச் சூட்டோட போனா அமுக்கினாலும் பிடிக்காதுங்க."

"நானும் அதைத்தானுங்க சொன்னேன்" என்றார் டிரைவர் ஆண்டி.

"நீ ஓட்டறதுக்கு இருக்கே. சொல்றதுக்கு இல்ல" என்றார் கருணாகரன். "சூடுன்னா தண்ணி ஊத்து."

"ஊத்தினா இரும்பு வெடிச்சிருமுங்க. தானா ஆறணும். ஒரு மணி நேரம் விடுங்க."

"ரயில் போயிரும். இவங்களை இன்னிக்கே அனுப்பணும்னு தொரை உத்தரவு." கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "குமாரசாமி, இந்த வளைவுல இப்ப தெனம் நிக்கறது எங்க வண்டி ஒண்ணுதான். அதை மறந்துராத."

குமாரசாமி திரும்பினார். பம்பின் கைப்பிடியை ஆட்டப் போனார். பாலாமணியைத் தாண்டிப் போகும்போது அவளைப் பார்க்கவில்லை.

பாலாமணி ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தாள். தண்ணீர் ஊற்றினாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே லாரியின் பின்பக்கம் போனாள்.

"ஜெஸி, கோழியைத் தூக்கு."

ஜெஸிந்தா ஏன் என்று கேட்கவில்லை. தூக்கினாள். மூடி கூடைக்குள் போனது. கோழி அதன்மேல் உட்கார்ந்து, முட்டையைப்போல் ஒருமுறை நகர்த்திச் சரிசெய்துகொண்டது.

"மூடி எங்க புள்ள?" என்றார் ஆண்டி.

"தேடிப் பாக்கலாமுங்க" என்றாள் பாலாமணி.

"இறங்கும்போது மூடி எதுக்குடா? கிளப்பு" என்றார் கருணாகரன்.

ஆண்டி பாலாமணியைப் பார்த்தார். பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தார். "ஏறி வரும்போது கொதிச்சுத் தெறிக்குமுங்க. இஞ்சின் போச்சுன்னா தொரைக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"

கருணாகரன் எல்லோரையும் இறக்கித் தேடச் சொன்னார். குமாரசாமி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகு ஒரே டப்பாவுக்குள் மூன்று தடவை தேடினார். ஆண்டி புல்லை ஒவ்வொன்றாக விலக்கினார். கருணாகரன் மூட்டைகளை உதறினார். கோழிக் கூடைக்குள்ளும் கையை விட்டார். கோழி கொத்திவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

ஜெஸிந்தா மட்டும் தேடவில்லை. அடிக்கடி சக்கரத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தாள். முதலில் சுர்ர்ர். அப்புறம் சுர்ர். அப்புறம் சுர். வெயில் ஏறியது.

கடைசியாக அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து பாலாமணியிடம் ஒன்று சொன்னாள். பாலாமணி போய்க் கோழியைத் தூக்கினாள்.

"கெடச்சிருச்சுங்க" என்றாள்.

கருணாகரன் மூடியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பாலாமணியை ஒன்றும் சொல்லவில்லை. குமாரசாமியிடம்தான் சொன்னார். "நாளையிலிருந்து எங்க வண்டி இங்க நிக்காது."

"நிக்காட்டிப் போகுதுங்க" என்றார் குமாரசாமி.

ஆண்டி இஞ்சினைக் கிளப்பினார். "இனி இதை அணைக்க மாட்டேனுங்க. அணைச்சுத்தான் போகணும்னா நீங்களே ஓட்டுங்க" என்றார். கருணாகரன் ஏறி உட்கார்ந்தார். ஜெஸிந்தாவை அவள் அம்மா கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டாள். இஞ்சின் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. ஒவ்வொரு வளைவாக அந்த இரைச்சல் கீழே இறங்கிப்போவது வெகு நேரம் கேட்டது.

மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த ஒரு பஸ் டிரைவர் சொன்னார். அவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். ராத்திரி ஸ்டேஷனிலேயே படுத்தார்கள். கோழி உட்பட எல்லோரும் முழுசாக இருந்தார்கள்.

கருணாகரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எஸ்டேட் லாரி அதன்பின் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் பெட்ரோல் கம்பெனி ஆட்கள் வந்து பம்பைக் கழற்றினார்கள். கண்ணாடிக் குடுவையை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். அது நன்றாகப் பளபளத்தது. அன்று காலையிலும் பாலாமணி துடைத்திருந்தாள். அப்பா அரவேணுவில் ஒரு கடைக்கு மூட்டை தூக்கப் போனார். அந்த நாளைப் பற்றி அவர் மகளை ஒருநாளும் குறை சொல்லவில்லை.

ஜெஸிந்தாவிடமிருந்து கடிதம் வரவில்லை. பாலாமணி எழுதலாம் என்றால் ஊர்ப் பெயர் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள். "போகும்போது ஜெஸி என்ன சொன்னா? மறந்துராதேன்னு சொன்னாளா? அழுதாளா?"

பாலாமணி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினாள். அது சுலபமாக இருந்தது.

ஜெஸிந்தா அழவில்லை. முழங்காலெல்லாம் மண்ணோடு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னது இதுதான்:

"சத்தம் வரலை பாலா. கெளம்பச் சொல்லு."