ரொட்டிக்காரரின் மூச்சுப் பை

"இதுல எதைங்க நம்புறது?" என்று கேட்டுக்கொண்டே வந்த பெண், உட்காருவதற்கு முன்பே இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள். அவள் கணவர் ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். ஒரு தாள் அவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கலாம் என்றது. மற்றது நுரையீரல் சுத்தம் என்றது.

துப்பறிவாளருக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். அவருக்குத் துணையாக இருந்த அக்காவுக்கு வைத்த பெயர் அவசரம். தம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அக்கா இரண்டு தாள்களையும் படித்து, குற்றவாளியையும் பிடித்துவிட்டாள்.

"மெஷின்தான்டா. மூச்சை மோந்து பார்த்தே வியாதி சொல்லுதாம். ஜோசியம் மாதிரி இருக்கு."

"பொய் சொல்லி அதுக்கு என்னக்கா ஆகப்போகுது? நீங்க முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். மாவுத் தூசியில் நிற்பவர்களுக்காக முதலாளி மூச்சுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கு ஒரு பை. காலையில் வெறும் வயிற்றில் அதில் ஊதி, மூடியைத் திருகி, நேரமும் இடமும் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மூச்சில் கலந்திருக்கும் வாயுக்களை அங்கே சென்சார்கள் கண்டு சொல்லும்.

"அவருக்கு ரெண்டு மாசமா இருமல். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். ஊத வெச்சாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. வயித்து அமிலம் தொண்டைக்கு ஏறுது, அதான் இருமல்னுட்டாங்க. ஆய்வுக்கூடத்துல கேட்டா, ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம், இந்த மூச்சுல நோயோட அடையாளம் இருக்குங்குறாங்க. வியாதி இருக்கா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்லைங்க."

"அவர் தூங்குறாரா?"

"குறட்டை விட்டுத் தூங்குறார். ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிச்சார். எங்களோட இருக்குற என் தம்பியும் கூடச் சேர்ந்து சிரிச்சான். மரச்சாமான் பட்டறையில வார்னிஷ் அடிக்கிறான். வேலைக்குப் போற வழியில பையைக் கொண்டுபோய்க் குடுத்தவனே அவன்தான். இவர் விடியக்காலை மூணு மணிக்கே அடுப்பு மூட்டப் போயிடுவார். நான் ஆறு மணிக்குத் துணி ஆலைக்குக் கிளம்பிடுவேன்."

"அவர் எப்ப வீட்டுக்கு வருவார்?"

"ஒன்பதுக்கு முன்னாடி வந்ததே கிடையாது."

நிதானம் ஆய்வுக்கூடத் தாளை எடுத்தார். பை மூடிய நேரம் காலை ஆறரை, இடம் வீடு. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'வார்னிஷ் கரைப்பானின் தடயம் உண்டு, நோய்க் கணிப்பை அது பாதிக்கவில்லை.' அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் வாடியது.

"சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றோம். உங்க வீட்டுக்காரரும் தம்பியும் இருக்கட்டும்."

"மெஷினைப் பார்க்க வேண்டாமாடா?" என்றாள் அக்கா.

"அது சரியாத்தான் சொல்லியிருக்குக்கா."

அன்று மாலை, துணி காயப்போட்டிருந்த சின்னக் கூடத்தில் ரொட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைத்துனன் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். நல்ல ஆகிருதி.

"ஆறரை மணிக்கு நீங்க அடுப்புக்கு முன்னாடி நின்னீங்க. பை வீட்டுல நிரம்பியிருக்கு" என்று தொடங்கினார் நிதானம். "உங்க மூச்சுல மாவு வாசம் வரலாம், வார்னிஷ் ஏன் வருது? நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு எழுதி வந்த தாளைப் பார்த்து மனுஷன் சிரிப்பானா? அது தன் மூச்சு இல்லைன்னு தெரிஞ்சவன்தான் சிரிப்பான்."

ரொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாங்க ஊதினேன்" என்றான் மைத்துனன். "மாமா இருமுறாரு. மாட்டிக்கிட்டா அடுப்பு வேலை போயிடும். எனக்கு நெஞ்சு இரும்பு மாதிரி. அதான் நோய்னு வந்ததும், மெஷினுக்குப் பைத்தியம்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"இப்ப மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "கொஞ்ச நாளா வாங்குது. உடம்பு போட்டதாலன்னு நினைச்சேன்."

கணவருக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நொடி மலர்ந்த அந்தப் பெண்ணின் முகம், தம்பியைப் பார்த்ததும் வெளுத்தது.

"பயப்படாதீங்கம்மா. இது சந்தேகம்தான். தீர்ப்பு சொல்ல வேண்டியது டாக்டர்" என்றார் நிதானம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இரும்பு நெஞ்சுக்காரன் குழாயில் ஊதினான். பாதியிலேயே மூச்சு நின்றது. மறுபடி ஊதினான், மறுபடி நின்றது. மருந்து கொடுத்து ஊத வைத்தும் அதே கதைதான். நோய் உண்மை, ஆனால் ஆரம்ப நிலை என்றார் டாக்டர். வார்னிஷ் புகையை விட்டு விலகி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் மேலே போகாமல் கட்டுப்படுத்தலாம். இரண்டு வருஷம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் நிதானத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? உங்க வீட்டுக்காரரே ஊதியிருந்தா எல்லாம் சரின்னு தாள் வந்திருக்கும். உங்க தம்பியை யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க."

அவள் கணவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க. நல்லா திட்டணும்னுதான் ராத்திரி பூரா நினைச்சுக்கிட்டே கிடந்தேன். இப்ப வாய் வரமாட்டேங்குதுங்க."