கூடச் சாப்பிட ஓர் ஆள்

வண்ணார்பேட்டை டீக்கடையில் மழைக்கு ஒதுங்கிய சுகிர்தா இரண்டாவது பஜ்ஜியைக் கடித்தபோது பக்கத்தில் ஒரு செருமல்…

“இந்த நேரத்துல திங்கப்படாதுங்க.”

திரும்பினாள். கசங்காத சட்டை. முகத்தில் மழைத்துளி. கண்கள் மட்டும்… அடடா, நனைந்த பள்ளிக்கூடப் பையனின் கண்கள்! மன்னித்துவிடலாம் போலிருந்தது.

“நான் தினமும் பதினாறு மணி நேரம் விரதம். வாட்ஸ்அப்புல குழுவே நடத்துதேன்.”

மன்னிப்பு வாபஸ்.

“உங்ககிட்ட நான் கேட்டேனா?” என்று மூன்றாவது பஜ்ஜியை எடுத்தாள்.

மழை விட்டதும் அன்றைய நோயாளி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவை அதே கண்கள்!

சுகிர்தா உணவியல் நிபுணர். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பவள். இந்த வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் தில்லைநாயகம். புற்றுநோய்க்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும். எடை இன்னும் குறைந்தால் அடுத்த சிகிச்சையைத் தொடங்க முடியாது என்றிருந்தார் டாக்டர். குறைந்துகொண்டேதான் வந்தது.

“ஏன் சார் இவ்வளவு மிச்சம் வைக்கீங்க?”

பெரியவர் மகனைக் காட்டினார். “எதுத்தாப்புல ஒருத்தன் வெந்நியக் குடிச்சிட்டு முனிவர் கணக்கா உக்காந்திருக்கான். எனக்கு எப்படித் தாயி தொண்டையில எறங்கும்? பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் பஜ்ஜி வேண்டாம்னு சொல்லியே ரெண்டு சம்பந்தத்தக் கெடுத்தான்!”

மகன் பாலசுப்பிரமணியனின் முகம் சிவந்தது.

“அப்பா சாப்பிடும்போதெல்லாம் நீங்களும் சாப்பிடணும்,” என்றாள் சுகிர்தா.

“என்னைய எண்ணூறு பேர் பின்பத்துதாங்க!”

“அப்பா ஒருத்தர்தான இருக்காரு…”

கௌரவம் அசையவில்லை. அடுத்த முறை வந்தபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. பெரியவர் கையைத் தூக்கினார். கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போனது. அதைப் பார்த்த பாலசுப்பிரமணியன் எழுந்து போனான். பருப்புக் கஞ்சியோடு திரும்பி வந்து அப்பா எதிரே உட்கார்ந்து ஒரு கரண்டி விழுங்கினான்.

பெரியவரும் தன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். “உப்பு பத்தல லே.”

அப்பாவுக்கு மெல்ல எடை ஏறியது. மகனுக்கு மளமளவென்று. ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ என்று மந்திரி தோரணையில் அறிவித்துக் குழுவிலிருந்து விலகினான். சுகிர்தா வரும் நாட்களில் மட்டும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் கவனிக்காததுபோல் கவனித்தாள்…

சிகிச்சையைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வாசல்வரை கூட வந்தான். சாரல்.

“இனிமே வர மாட்டீங்க… இல்ல?”

“என் வேலை போன மாசமே முடிஞ்சுட்டு.”

“பின்ன ஏன் வந்தீங்க?”

இமைகளில் சாரல் மின்ன, தரையைப் பார்த்தாள். “இதையும் நானேதான் சொல்லணுமா?”

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் தந்தியடித்தது. “எனக்கு… உங்கள…”

உள்ளிருந்து குரல்: “ஏலே, மழை பலக்கதுக்குள்ள சொல்லித் தொலை!”

“…பிடிச்சிருக்கு.”

சுகிர்தா உள்ளே எட்டிப் பார்த்தாள். “உங்களுக்குக் கேட்டுச்சா சார்?”

“கேட்டுச்சு தாயி. நீ பதில் சொல்லு!”

“எனக்கும்தான்,” என்றாள்… தெருவுக்கே கேட்கும்படி.