பதினோராவது அடி

செவ்வாயின் தென்துருவப் பனிச்சுரங்கத்தில் காலை வேலைக்கு இறங்குகிறவர்கள் முதலில் மூச்சுக்குழாயைச் சரிபார்ப்பார்கள். அடுத்து, நெற்றியில் பதித்திருக்கும் துயர்விளக்கைத் துடைத்துக்கொள்வார்கள். மூளையில் ஓடும் வேதனையை அளந்து எரியும் விளக்கு அது. பச்சை என்றால் பரவாயில்லை. சிவப்பு என்றால் ஆள் உடைந்துபோயிருக்கிறார். சிவப்புக்குப் பத்தடி தூரத்துக்குள் வந்துவிட்டவர் யாரானாலும் பதினைந்து நிமிடம் அவருடன் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு 'உடனமர்வு விதி' என்று பெயர். மூன்று பேர் தங்கள் மூச்சுக்குழாயைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு செத்த பிறகு வந்த விதி.

இசக்கியம்மாளின் விளக்கு நாற்பது நாளாகச் சிவப்பாக எரிந்தது. துளைப்பொறி ஓட்டிக்கொண்டிருந்த மகள் பூரணி, இருபது வயது, பனிக்கூரை சரிந்து செத்துப்போனாள்.

இசக்கியம்மாள் பனி வெட்டுவது ஏழாம் சுரங்கத்தின் வாசலில். அந்த வழியாகப் போனால் வேலைத்தளம் ஐந்து நிமிட நடை. எட்டாம் சுரங்கத்தைச் சுற்றினால் நாற்பது நிமிடம். ஒரே வாரத்தில் எல்லோரும் சுற்றத் தொடங்கினார்கள். முழங்கால் வலித்தது, நெஞ்சு எரிந்தது, ஆனாலும் சுற்றித்தான் போனார்கள்.

கூட வேலை செய்த தங்கபுஷ்பம் ஒருநாள் தூரத்திலிருந்தே கத்தினாள். "யக்கா, சாப்ட்டியா?"

"இங்க வந்து கேளேம்ளா."

"நாளைக்குக் கண்டிப்பா வாரேங்க்கா."

"இருவது நாளா நாளைக்குன்னுதான் சொல்லுத. செத்தது எம் மவ. எனக்கு ஒண்ணும் தொத்து வியாதி இல்லளா!"

தங்கபுஷ்பம் போய்விட்டாள்.

வந்தது சுமையன் மட்டும்தான். பனிக்கட்டி இழுக்கும் ஆறுகால் எந்திரம். விதி என்றால் விதி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆறு காலையும் மடக்கி உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்னும். எட்டு நாள் வந்தது. பூரணியின் குறட்டை, அவள் தலைவாரிக்கொள்ளும் சோம்பல், சண்டை, எல்லாம் இசக்கியம்மாள் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

கூரை சரிந்த அன்று காலை பூரணி காய்ச்சல் என்று படுத்திருந்தாள். "நடிக்காத, எந்திரிளா" என்று போர்வையை உருவி வேலைக்கு அனுப்பியது இவள்தான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் சொல்லிவிடுவது என்று காத்திருந்தாள்.

சுமையன் வரவில்லை.

மேஸ்திரி குருவையா வந்தார். கணக்காகப் பதினோராவது அடியில் நின்றார்.

"சுமையனுக்கு என்ன அண்ணாச்சி, ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல தங்கச்சி, ஜம்முனு ஓடுது. ஆளுக நடக்கதப் பாத்துப் பாத்துத் தானா படிக்கிற மெஷின்லா? இப்ப அதுவும் எட்டாம் சுரங்கம் சுத்தித்தான் போவுது."

"ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. ஒரு நிமிசம்."

"சோலி கெடக்கு. சாயங்காலம் பாப்போம்."

அப்போது ஒலிபெருக்கி முழங்கியது. சுமையன் தேர்வில் தேறிவிட்டதாம். மனித இயல்பை முழுமையாக எட்டிய முதல் எந்திரம் என்று நிர்வாகம் அறிவித்தது. எல்லோருக்கும் அரை நாள் விடுப்பு, லட்டு.

சுரங்கம் முழுக்கக் கைதட்டல் கேட்டது. இசக்கியம்மாள் பனிச்சுவரின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"காய்ச்சல்னுதான் சொன்னா," என்றாள் சுவரிடம்.